ஒரே தாளில் ஆயுதங்களின் வரலாறு: ஒரு போஸ்டருக்கான குறிப்புகள்

ஆயுதங்களின் வரலாறு என்று இணையத்தில் படம் தேடினால் வருவதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே படம்தான். இடது ஓரத்தில் ஒரு கல். அப்புறம் ஈட்டி, வில், வாள், பீரங்கி, துப்பாக்கி, டாங்கி. வலது ஓரத்தில் ஏவுகணை, இல்லாவிட்டால் காளான் மேகம். கீழே இடமிருந்து வலமாக ஓர் அம்புக்குறி. குரங்கு மெல்ல நிமிர்ந்து மனிதனாக நடந்து வருகிற பிரபலமான படம் ஒன்று இருக்கிறதே, அதன் தம்பி மாதிரி இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் தன் பள்ளி நூலகச் சுவருக்கு அப்படி ஒரு போஸ்டர் கேட்டார். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பசங்களுக்கு. ஏ1 தாள், அதாவது 841 மி.மீ. அகலம், 594 மி.மீ. உயரம், படுக்கைவாட்டில். கேட்க எளிய வேலைதான். ஆனால் எதை எங்கே வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தால், ஒவ்வொரு படத்தின் இடமும் வரலாற்றைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறது. அந்தக் கருத்து சரியா என்று பார்க்கப் போய்ச் சேர்ந்த குறிப்புகள் இவை.

முதலில் அளவுகோல்

ஓரங்களை விட்டுவிட்டால் படம் வரைய 800 மி.மீ. கிடைக்கும். எங்கிருந்து தொடங்குவது? ஜெர்மனியில் ஷோனிங்கன் என்ற இடத்தில், நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் 1990களில் மர ஈட்டிகள் கிடைத்தன. கூடவே குதிரை எலும்புகள். 3 லட்சம் ஆண்டுப் பழமை என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2025-ல் வந்த ஓர் ஆய்வு 2 லட்சம் என்கிறது. குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 800 மி.மீட்டரில் 2 லட்சம் ஆண்டு என்றால், ஆயிரம் ஆண்டுக்கு 4 மி.மீ.

இப்போது கணக்கைப் பாருங்கள். வெடிமருந்தின் வரலாறு முழுக்க, சீனாவில் 1044-ல் தொகுக்கப்பட்ட போர் நூலில் அதன் செய்முறை எழுதப்பட்டதிலிருந்து இன்றுவரை, அந்த 4 மி.மீட்டருக்குள் அடங்கிவிடும். வாளின் வரலாறு முழுவதும் 21 மி.மீ. ஹிரோஷிமாவுக்குப் பிறகான 80 ஆண்டுகள் 0.3 மி.மீ. ஒரு ஜெல் பேனாவின் கோடே அதைவிடத் தடிமன்.

நம்ம ஊர் விஷயத்தையும் சேர்க்க வேண்டாமா? 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கிடைத்தன. அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்டார்கள். அதைச் சேர்த்தால் இதே அளவில் போஸ்டர் 6 மீட்டர் நீளும். நூலகச் சுவர் போதாது.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. கைக்கோடரி ஆயுதமா? தோல் உரிக்க, இறைச்சி அறுக்க, கிழங்கு தோண்ட, மரம் செதுக்க என்று எல்லாவற்றுக்கும் பயன்பட்ட கருவி அது. ஷோனிங்கன் ஈட்டிகூட வேட்டைக்கானதுதான். மனிதனைத் தவிர வேறு எதற்கும் பெரிதாகப் பயன்படாத பொருள் எப்போது வருகிறது என்று தேடினால் வாளில் போய் நிற்கிறோம். துருக்கியில் ஆர்ஸ்லான்தெபே என்ற இடத்தில் ஒன்பது வாள்கள் கிடைத்தன. காலம் கி.மு. 3300 சுமார். ஆர்செனிக் கலந்த செம்பில் வார்த்தவை, அரை மீட்டர் நீளம். இதை வைத்து விறகு வெட்ட முடியாது, கிழங்கு தோண்ட முடியாது, மானைத் துரத்திப் பிடிக்கவும் முடியாது. எதிரே நிற்கிற இன்னொரு மனிதனுக்காகவே செய்த பொருள். அதனால் போஸ்டரில் வேட்டைக் கருவிகள் ஒரு நிறம், மனிதனுக்கென்றே செய்தவை இன்னொரு நிறம். கைக்கோடரி சட்டத்துக்கு வெளியே, இடது ஓரத்தில், "15 லட்சம் ஆண்டு: இங்கிருந்து 6 மீட்டர் தள்ளி" என்ற குறிப்போடு நிற்கும்.

அம்புக்குறி எங்கிருந்து வந்தது

கல்லிலிருந்து ஏவுகணை வரை ஒரே வரிசையில் அடுக்கும் பழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அகஸ்டஸ் ஹென்றி லேன் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1880-ல் சொத்து ஒன்று வந்து சேர்ந்தபின் பெயரோடு பிட் ரிவர்ஸ் ஒட்டிக்கொண்டது. 1850களில் பிரிட்டிஷ் ராணுவம் பழைய வழவழப்புக் குழல் மஸ்கட்டை விட்டுவிட்டு, குழலுக்குள் சுருள் பள்ளம் வெட்டிய மினியே ரைஃபிளுக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்தச் சோதனைகளிலும் பயிற்சியிலும் இருந்தவர் இவர். துப்பாக்கி சின்னச் சின்ன மாற்றங்களாக மேம்பட்டு வருவதைக் கண்ணால் பார்த்தவர், உலகத்தில் எல்லாப் பொருளும் இப்படித்தான் வளர்ந்திருக்கும் என்ற முடிவுக்கு வந்தார். ஆயுதங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார். 1867 முதல் 1869 வரை 'ஆதிப் போர்முறை' பற்றி மூன்று சொற்பொழிவுகள். 1884-ல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் என்று இன்றும் இருப்பது அதுதான்.

1875-ல் அவர் ஒரு சொற்பொழிவுக்காக வரைந்த படம் ஒன்று உண்டு. நடுவில் ஒரு வெறும் குச்சி. அதிலிருந்து ஆரங்கள் போல நாலாபுறமும் கோடுகள் பிரிகின்றன. ஒரு பக்கம் குச்சி வளைந்து வளைந்து பூமராங் ஆகிறது. இன்னொரு பக்கம் தடித்து தண்டாயுதம். வேறொரு பக்கம் அகன்று கேடயம், மற்றொரு பக்கம் ஈட்டி. பார்க்க அழகான படம். இன்றைய தகவல் படங்களுக்கு அதை ஒரு மூதாதை என்றே சொல்லலாம்.

அதில் ஒரு சிக்கல். படத்தில் இருக்கும் ஆயுதங்கள் எல்லாம் ஆஸ்திரேலியப் பழங்குடிகள் அப்போது, அதாவது 19-ஆம் நூற்றாண்டில், கையில் வைத்திருந்தவை. ஒன்று முந்தியது, இன்னொன்று பிந்தியது என்று காட்ட எந்தத் தேதியும் கிடையாது. எளிமையாக இருப்பது பழையது, சிக்கலாக இருப்பது புதியது என்று வைத்துக்கொண்டு அடுக்கியதுதான். அந்த அடுக்கில் பொருளோடு ஆளும் சேர்ந்து போய்விடுகிறான். எளிய குச்சியை வைத்திருப்பவன் இன்னும் பழைய காலத்திலேயே நிற்கிறான், ரைஃபிள் வைத்திருப்பவன் முன்னே வந்துவிட்டான். தேதியே இல்லாத படம் யார் முன்னே, யார் பின்னே என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

நமக்கும் அதில் பங்கு உண்டு. ஆஸ்திரேலியர்களும், தென்னிந்தியாவின் 'திராவிட' மக்களும், பண்டைய எகிப்தியர்களும் தொடர்புள்ளவர்கள், மூவரிடமும் வளைந்த எறிதடி இருப்பதே அதற்குச் சாட்சி என்று அவர் வாதிட்டார். அதற்காக, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த எகிப்திய எறிதடி போலவே ஒன்றைச் செய்து எறிந்தும் பார்த்தார். முயற்சியைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நம்ம வளரி அவர் கையில் ஓர் இனத்தின் 'பழமைக்கு' அத்தாட்சி ஆகிவிட்டது. வளரிக்குப் பின்னால் வருகிறேன்.

கல், வெண்கலம், இரும்பு?

பாடப்புத்தகத்தில் நாம் படித்த இந்த வரிசையும் ஓர் அருங்காட்சியகத்தில் பிறந்ததுதான். கோபன்ஹேகனில் தாம்சென் என்பவர் டென்மார்க்கின் தொல்பொருள்களை அடுக்க இதைப் பயன்படுத்தினார். 1836-ல் கையேடாகவும் வந்தது. டென்மார்க்குக்குச் சரியாகவே பொருந்துகிறது. உலகம் முழுக்கப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தென்னிந்தியாவில் வெண்கலக் காலம் என்று தனியே சொல்லும்படி ஒன்று இல்லை. புதிய கற்காலத்தை அடுத்து நேரே இரும்பு வந்துவிடுகிறது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த இரும்பு வாள்களையும் ஈட்டி முனைகளையும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சிவகளையில் கிடைத்த மாதிரிகளின்படி இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. இந்தத் தேதிகள் பற்றிய விவாதம் தொடரும். போஸ்டரைப் பொறுத்தவரை, "கி.மு. 1200: இரும்புக் காலம்" என்று உலகம் முழுவதற்கும் ஒரே செங்குத்துக் கோடு போட முடியாது என்பதே விஷயம்.

அமெரிக்கக் கண்டத்துக்குப் போனால் இன்னும் வேடிக்கை. 1519-ல் ஸ்பானியர்கள் மெக்சிகோவில் இறங்கியபோது அஸ்டெக் வீரர்கள் கையில் இருந்தது, மரப்பலகையின் ஓரங்களில் எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த ஆயுதம். அந்தச் சில்லின் கூர்மை எஃகு கத்தியை மிஞ்சும். போஸ்டரில் இதைக் 'கற்காலம்' பகுதியில் போட்டால் 1521-ல் விழுந்த பேரரசைப் பல்லாயிரம் ஆண்டு பின்னே தள்ளியதாகிவிடும். கல் இரும்பிடம் தோற்றது என்ற கதையும் பாதிதான் உண்மை. ஸ்பானியர்களோடு சேர்ந்து சண்டை போட்ட த்லக்ஸ்காலா முதலிய உள்ளூர்ப் படைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1520-ல் பெரியம்மை தலைநகருக்குள் புகுந்திருந்தது. அம்மைக்கு எந்த ஆயுதப் போஸ்டரிலும் இடம் கிடையாது.

புள்ளிக்குப் பதில் பட்டை

வழக்கமான படத்தில் ஒவ்வொரு ஆயுதமும் ஒரு புள்ளி. எப்போது வந்தது என்பது மட்டும் தெரியும். எப்போது போனது என்று தெரியாது. பார்ப்பவர் மனதில் என்ன பதிகிறது? வாள் வந்ததும் ஈட்டி போய்விட்டது, துப்பாக்கி வந்ததும் வில் போய்விட்டது. அதனால் புள்ளியை விட்டுவிட்டு, புழக்கத்தில் இருந்த காலம் முழுவதையும் ஒரு பட்டையாக வரையலாம் என்று முடிவு செய்தேன். உடனே படமே மாறிவிடுகிறது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நீண்டுகொண்டே போகின்றன.

மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் 1545-ல் போர்ட்ஸ்மவுத் அருகே மூழ்கியது. 1982-ல் மேலே தூக்கினார்கள். அதில் வெண்கலப் பீரங்கியும் இருந்தது, இரும்புப் பீரங்கியும் இருந்தது. கூடவே 137 முழு விற்களும், 3,500-க்கு மேற்பட்ட அம்புகளும். ஐரோப்பாவில் பீரங்கியின் முதல் படம் 1326-ல் வருகிறது. இங்கிலாந்து ராணுவம் வில்லை அதிகாரபூர்வமாகக் கைவிட்டது 1595-ல். இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் இரண்டும் ஒரே படையில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. நல்ல வில்லாளி அம்பு விடும் வேகத்துக்குத் திரித் துப்பாக்கியால் ஈடு கொடுக்க முடியாது. ஆனால் வில்லாளியைச் சிறு வயதிலிருந்தே பழக்க வேண்டும். துப்பாக்கிக்காரனைச் சில வாரத்தில் தயார் செய்துவிடலாம். கருவியின் திறமையோடு ஆள் பிடிக்கும் வசதியும் சேர்ந்துதான் வில்லை ஓரங்கட்டியது.

இன்னொன்று, ஓட்டோமான் துருக்கியர்கள் 1464-ல் வார்த்த டார்டனெல்ஸ் பீரங்கி. வெண்கலம். நீளம் 5.18 மீட்டர், எடை 16.8 டன். இரண்டு துண்டாக வார்த்து மரை போட்டுத் திருகி இணைக்கும் அமைப்பு. 1807-ல் பிரிட்டிஷ் கப்பற்படை டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழைந்தபோது, கரையிலிருந்து இந்த மாதிரிப் பழைய பீரங்கிகள்தான் ராட்சதக் கல் குண்டுகளை வீசின. நெப்போலியன் காலத்துக் கப்பல்மேல் 15-ஆம் நூற்றாண்டுக் கல். இதற்குப் பட்டை வரைந்தால் 343 ஆண்டு நீளம். அந்தப் பீரங்கி இப்போது இங்கிலாந்தில். 1866-ல் சுல்தான் விக்டோரியா ராணிக்குப் பரிசாகக் கொடுத்தது.

எல்லாவற்றிலும் நீளமான பட்டை எது தெரியுமா? தடி. முதல் உலகப் போரில் டாங்கி வந்த அதே 1916-ல், பதுங்குகுழிகளில் இரவுத் தாக்குதலுக்குப் போன வீரர்கள் மரக்கட்டையில் ஆணி அடித்து எடுத்துப் போனார்கள். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் அந்தத் தடிகள் இருக்கின்றன. அது நூறு வருஷத்துக் கதை என்றால், 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அணு ஆயுத நாடுகள். எல்லைக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் துப்பாக்கியால் சுடுவதில்லை என்று 1996-ல் போட்ட உடன்படிக்கை இருந்தது. அதனால் கல்லும், ஆணி அடித்த தடியும், கைகலப்புமாக நடந்த சண்டையில் இந்தியத் தரப்பில் 20 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். சீனா தன் தரப்பில் 4 பேர் என்று அடுத்த ஆண்டு சொன்னது. போஸ்டரில் தடியின் பட்டை இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரத்தைத் தொட்டு, அணுகுண்டின் பட்டைக்குக் கீழே திறந்த முனையோடு நிற்கும்.

வெட்டப்பட்ட பட்டை

இப்போது வளரி. பிறை வடிவம், ஒரு முனை மெலிந்து கைப்பிடியாகவும் மறுமுனை கனத்தும் இருக்கும். பெரும்பாலும் மரம், இரும்பிலும் தந்தத்திலும் செய்தவை உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் வேட்டைக்கும் போருக்கும் பயன்பட்டது. எறிந்தவர் கைக்குத் திரும்பி வர வேண்டும் என்ற அவசியமில்லை. ஓடுகிற காலைப் பார்த்து எறிவது முக்கியம்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி 1830-ல் தன் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தது சின்ன மருது என்று அதில் எழுதியிருக்கிறார். சில ஆண்டுகள் கழித்து 1801-ல் அதே வெல்ஷ், மருது சகோதரர்களை எதிர்த்துப் போன படையில் இருந்தார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

அடுத்து என்ன நடந்தது என்பதுதான் பட்டைக்கு முக்கியம். அந்த ஆண்டு டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமம் கேட்டது, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. வளரி பிறகும் திருமணச் சடங்குகளில் கொஞ்ச காலம் தங்கியிருந்தது. ஆயுதமாக அதன் கதை அங்கே முடிகிறது.

வழக்கமான போஸ்டரில் இதை "துப்பாக்கி வந்ததால் மறைந்தது" என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் 1801-ல் மருதுவின் ஆட்களிடம் துப்பாக்கியும் இருந்தது, ஈட்டியும் வளரியும் இருந்தன. வளரி தானாக வழக்கொழிந்துவிடவில்லை. வைத்திருந்தவர்கள் தோற்றார்கள், பிறகு பறிக்கப்பட்டது. அதனால் பட்டையின் முனைகளுக்கு மூன்று குறியீடுகள் வைத்திருக்கிறேன். மெல்லக் குறைந்து போனதற்குத் தேய்ந்த முனை. இன்றும் புழக்கத்தில் இருப்பதற்குத் திறந்த முனை. சட்டத்தாலோ வாளாலோ நிறுத்தப்பட்டதற்கு வெட்டிய முனை. வளரிக்கு வெட்டிய முனை.

திசையும் எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கே வருவதில்லை. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்து மைசூர் ராக்கெட்டுகளின் சிறப்பு இரும்புக் குழாய். மூங்கில், காகிதக் குழாயைவிட அதிக அழுத்தம் தாங்கும், அதனால் அதிக தூரம் போகும். 1780-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கிய சண்டையில் அவை பறந்தன. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் வூலிச்சுக்குப் போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து தன் ராக்கெட்டை உருவாக்கினார். 1807-ல் கோபன்ஹேகன் அதில் எரிந்தது. 2018-ல் சிவமொக்கா பக்கம் ஒரு பாழுங்கிணற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் கிடைத்தன. போஸ்டரில் ராக்கெட்டின் பட்டையிலிருந்து ஓர் அம்புக்குறி மைசூரில் புறப்பட்டு வூலிச்சுக்குப் போகும்.

எதைப் பார்த்து வரைவது

கிடைத்த பொருளைப் பார்த்து வரைவதுதான் பாதுகாப்பு. ஆனால் எது கிடைத்திருக்கிறது என்பதிலேயே ஒரு பாரபட்சம் உண்டு. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலை 19-ஆம் நூற்றாண்டில் கலைக்கப்பட்டபோது, அழகான கட்டாரிகளும் வாள்களும் அருங்காட்சியகங்களுக்குப் போயின. மீதியில் பெரும்பங்கு உடைத்துப் பழைய இரும்பாகிவிட்டது. யாளி முகமும் வெள்ளி வேலைப்பாடும் உள்ளவை மிஞ்சின. சாதாரணச் சிப்பாய் கையில் இருந்தது காயலான் கடைக்குப் போய்விட்டது. மிஞ்சியதை மட்டும் வரைந்தால் பழைய போர்வீரர்கள் எல்லாரும் நகைக்கடை மாதிரித் தெரிவார்கள்.

படங்களை நம்பலாமா? 1326-ல் வால்டர் டி மிலமெட் கையெழுத்துப் பிரதியில் இருக்கும் பீரங்கி, பூச்சாடி போல வயிறு பருத்து, வாயில் ஒரு பெரிய அம்பைச் சொருகிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் ஓவியர் கேள்விப்பட்டதை வைத்து வரைந்தது போலிருக்கும். ஆனால் ஸ்வீடனில் லோஷுல்ட் என்ற இடத்தில் 1861-ல் கிடைத்த சின்ன வெண்கலத் துப்பாக்கிக்கும் அதே சாடி வடிவம்தான். ஓவியர் சொன்னது சரி. மறுபக்கம், பல போஸ்டர்களில் டாங்கிக்கு முன்னோடியாக வரும் லியனார்டோ டாவின்சியின் கவச வண்டி அவர் காலத்தில் கட்டப்படவே இல்லை. தாளில் மட்டும் இருந்ததற்கு என் போஸ்டரில் இடமில்லை.

எல்லாவற்றையும் ஒரே அளவு பெட்டிக்குள் அடக்குவதும் ஏமாற்று. கட்டாரியும் டார்டனெல்ஸ் பீரங்கியும் ஒரே உயரத்தில் நிற்கும். சரி, 1-க்கு 20 என்று ஒரே விகிதத்தில் வரைவோம் என்றால், 90 செ.மீ. வாள் 4.5 செ.மீ. ஆகும். பீரங்கி 26 செ.மீ. அக்னி-5 ஏவுகணை சுமார் 17 மீட்டர், அது 85 செ.மீ. ஆகித் தாளைவிட்டே வெளியே போகும். ஹிரோஷிமாவில் போட்ட குண்டு 3 மீட்டர், அதனால் 15 செ.மீ. 1464-ஆம் ஆண்டுப் பீரங்கியைவிடச் சின்னப் படம்! ஆயுதத்தின் உருவத்தை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும், அது என்ன செய்யும் என்பதை உருவம் சொல்லாது. அதைச் சொல்ல வேறு ஒன்றை வரைந்தாக வேண்டும்.

பட்டார் வரிசை

செங்கம் பகுதி நடுகற்களில் வீரனின் பெயர், ஊர், எந்தச் சண்டை என்று சொல்லிவிட்டு, "பட்டான்" என்று முடிப்பார்கள். செத்தான் என்று பொருள். ஆநிரை கவர்ந்ததில் பட்டவன், மீட்டதில் பட்டவன். கல்லில் அவன் கையில் வில்லும் வாளும் இருக்கும். சில கற்களில் அவன் உடம்பில் அம்புகளும் தைத்திருக்கும். ஆயுதத்தைப் பிடித்தவனும் ஆயுதம் பட்டவனும் ஒரே உருவத்தில். நான் பார்த்த நவீன ஆயுதப் போஸ்டர்கள் எதிலும் இது இல்லை. வெள்ளைப் பின்னணியில் சுத்தமான, பளபளப்பான பொருள்கள், மனிதர்களே கிடையாது.

அதனால் போஸ்டரின் கீழ்ப்பாகத்தில் அகலம் முழுக்க ஒரு வரிசை. தலைப்பு: பட்டார். மேலே ஆயுதம், அதே காலத்தில் கீழே அது பட்டவர்.

சூடானில் ஜெபல் சஹாபா இடுகாடு. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன். 61 பேர், அதில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. 2021-ல் எலும்புகளை மறுபடி ஆராய்ந்தபோது, பலருக்கு ஆறிப்போன பழைய காயங்களும் இருந்தது தெரிந்தது. ஒரு நாள் போர் அல்ல. திரும்பத் திரும்ப நடந்த தாக்குதல்கள்.

ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் கிடைத்த ஓட்ஸி. 5,300 ஆண்டுப் பழையவர். அவரிடம் செம்புக் கோடரியும், பாதி செதுக்கிய வில்லும், 14 அம்புகளும் இருந்தன. அம்புகளில் இரண்டுதான் முடிந்திருந்தன. பத்தாண்டு கழித்து 2001-ல் எக்ஸ்ரேயில்தான் அவர் இடது தோளுக்குள் ஒரு கல் அம்பு முனை இருப்பதைப் பார்த்தார்கள்.

அடுத்து நம் நடுகல் ஒன்று. அடுத்து 1898 செப்டம்பர் 2, சூடானில் ஒம்துர்மான். மேக்ஸிம் இயந்திரத் துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்த கிச்சனர் படையில் இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. எதிரே இறந்தவர்கள் 10,000 அளவில். இதை எண்ணாக எழுதாமல், ஒரு தரப்புக்கு ஒரு புள்ளி, மறு தரப்புக்கு 200 புள்ளி என்று வைக்கிறேன். பசங்க எண்ணிப் பார்க்கட்டும். அடுத்து ஹிரோஷிமாவில், ஒரு வங்கியின் வாசல் கற்படியில் உட்கார்ந்திருந்த ஒருவரின் நிழல் மட்டும் பதிந்த படி. அந்த ஆண்டு முடிவதற்குள் நகரத்தில் சுமார் 1,40,000 பேர்.

கடைசியில் கண்ணிவெடி. ஆளே இல்லாமல் காத்திருக்கும் ஆயுதம். அதன் பட்டை போர் முடிந்த தேதியில் நிற்காது. இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்தது. முகமாலைப் பகுதியில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், பெண்கள் உட்படப் பலர் மண்டியிட்டு மண்ணை அங்குலம் அங்குலமாகத் துழாவி வெடிகளை எடுத்தார்கள். 1997-ல் உருவான கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017-ல் சேர்ந்தது. படமாக, முகக் கவசம் போட்டு மண்டியிட்டிருக்கும் ஒரு பெண். மொத்தப் போஸ்டரிலும் ஆயுதத்தை வெளியே எடுத்துப்போடுகிற ஒரே உருவம் இது.

இறுதி அமைப்பு

காலத்தை மூன்று கட்டமாகப் பிரித்தாயிற்று. முதல் 160 மி.மீ. கி.மு. 5000 வரை, அங்கே 1 செ.மீ. என்பது சுமார் 12,000 ஆண்டு. அடுத்த 240 மி.மீ. கி.பி. 1000 வரை, 1 செ.மீ. 250 ஆண்டு. கடைசி 400 மி.மீ. இன்றுவரை, 1 செ.மீ. 25 ஆண்டு. டார்டனெல்ஸ் பீரங்கி இதில் 14 செ.மீ. பட்டையாகிறது. கட்டத்துக்குக் கட்டம் அளவு மாறுவதைப் பெரிய எழுத்தில் எழுதிவிடுவேன். எல்லாவற்றுக்கும் கீழே உண்மை அளவில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அதில் வெடிமருந்துக் காலம் வலது ஓரத்தில் 4 மி.மீ. சிவப்பு.

மேலிருந்து கீழாக தூரம்: கைக்கெட்டுவது, எறிவது, எய்வது, சுடுவது, கண்ணுக்கே தெரியாதது. தடி முதல் பட்டையில், ஏவுகணை ஐந்தாவதில். கண்ணிவெடிக்கு மட்டும் தனிப் பட்டை. வைத்தவன் அங்கே இல்லை என்பதால் தூரத்தை அளக்க வழியில்லை. ஒரு படத்துக்கு 30 சொல்லுக்கு மேல் விளக்கம் கிடையாது. தீப்பிழம்புப் பின்னணி, தங்க நிறம், இரும்பில் மின்னும் ஒளி எதுவும் வேண்டாம். மை நிறக் கோட்டோவியம் போதும்.

ஆசிரியர் வரைவைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார். "பசங்க முதல்ல துப்பாக்கியைத்தான் பார்ப்பாங்க, கீழே இருக்கிறதைப் பார்ப்பாங்களா?" நியாயமான கேள்வி. சுவரில் போஸ்டர் ஒட்டும் உயரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையனின் கண் எங்கே வரும் என்று அளந்தோம். தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வருகிறது. பட்டார் வரிசை அங்கேதான் இருக்கிறது. அதை அப்படியே வைத்துவிட்டு அச்சுக்குக் கொடுக்கிறோம்.